பொட்டலத்தின் மேல் ஓர் ஊர்ப்பெயர்

ஓட்டைக் காலணா பார்த்திருக்கிறீர்களா?

நடுவில் ஓட்டை போட்ட காசு. இரண்டாம் உலகப் போர் சமயம். தோட்டாவுக்கும் செம்பு வேண்டும், காலணாவுக்கும் செம்பு வேண்டும். எங்கே மிச்சம் பிடிப்பது? பிரிட்டிஷ் சர்க்கார் யோசித்தது. காசின் நடுவிலேயே ஓட்டை போட்டுவிட்டது! 1943 முதல் 1947 வரை இந்த ஓட்டைக் காலணா அச்சானது.

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் காசு அதுதான். ('காசு குடுத்துக் காசு வாங்கிட்டு வந்திருக்கான் பாரு, இவன் பி.காம். வேற!' என்று வீட்டில் ஒரு வாரம் என்னை வைத்துச் சிரித்தார்கள்.) 1998-ஆம் வருஷம். பசுமலையில் கல்லூரி. வகுப்பு முடிந்தால் திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் ஒரு நடை. அங்கே ஒரு பாத்திரக் கடையின் ஓரத்தில், ஆறடிக்கு நாலடி இடத்தில், ஒரு பெரியவர் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். பெட்டிக்குள் பழைய காசுகள். பெயர்ப் பலகை கிடையாது. 'காசுக்கார ஐயா' என்றால் தேர் நிலையில் பூ விற்கிறவர்கள்கூடக் கை காட்டுவார்கள்.

"எவ்வளவுங்கய்யா?"

"பத்து ரூபா. தம்பி, இது விருதுநகர்ல ஒரு பலசரக்குக் கடைக் கல்லாவுல கெடந்தது. ஞாபகம் வச்சுக்கங்க."

பத்து ரூபாய்க்கு ஓட்டைக் காலணா வாங்க வந்தவனுக்குக் கல்லாவின் விலாசம் எதற்கு? எனக்குப் புரியவில்லை. அவரோ அதை ஒரு சின்னக் காகிதத்தில் மடித்து, மேலே பென்சிலால் 'விருதுநகர். ப.ச.கடை. கல்லா' என்று எழுதித்தான் கொடுத்தார்.

அவரிடம் இருந்த எல்லாக் காசுக்கும் இப்படி ஒரு பொட்டலம் உண்டு. கல்யாணப் பத்திரிகையின் உறை, பஞ்சாங்கக் காகிதம், எது கிடைத்தாலும் கத்தரித்து மடித்து வைத்திருப்பார். மேலே அவர் கையெழுத்து. 'சோழவந்தான். ஆத்து மணல்.' 'கீழக்குயில்குடி. வாய்க்கால் தூர்வாரினது.' 'தெரியலை' என்று எழுதிய பொட்டலங்களும் இருந்தன. தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்துக்கொண்டு வியாபாரம் செய்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மாணவர்களுக்கு அவர் ஒரு வங்கி. பிடித்த காசைச் சொன்னால் போதும். பொட்டலத்தில் உங்கள் பெயரையும் எழுதித் தனியாக எடுத்து வைத்துவிடுவார். மாசம் அஞ்சு, பத்து என்று கட்டி முடிக்கிற வரை வேறு யாருக்கும் காட்ட மாட்டார். தான் வாங்கின விலையையும் மறைக்க மாட்டார். "நான் இருவதுக்கு வாங்குனேன், நீங்க முப்பது குடுங்க" என்பார். நாங்கள் படித்த காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் இப்படி ஒரு விலை நிர்ணய முறையே கிடையாது.

கோபம் வந்து நான் பார்த்தது ஒரே விஷயத்துக்குத்தான். யாராவது செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டு வந்தால் முகம் சிவந்துவிடும். "சாமி வெளக்கா இது, வெளக்கி வைக்க?" என்பார். நியாயமான கோபம். செம்பின் மேல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்த பச்சைப் படலம்தான் அதன் வயசுக்குச் சாட்சி. புளி அதைத் தின்றுவிடும். கூடவே எழுத்தையும் கொஞ்சம் தின்றுவிடும்.

சரி, அந்த ஊர்ப்பெயர் விஷயத்துக்கு வருவோம். அது அவருடைய தனிப்பட்ட கிறுக்குத்தனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மதுரை வரலாற்றைக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

* * *

திருப்பரங்குன்றத்து மலை உச்சியில் சிக்கந்தர் பெயரில் தர்கா இருப்பது உங்களுக்குத் தெரியும். மதுரையை ஆண்ட கடைசி சுல்தான் அவர்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. மதுரை சுல்தான்கள் 1330-களின் நடுவிலிருந்து சுமார் 40 வருஷம் ஆண்டார்கள். இவர்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? ஊர் சுற்றி இபன் பதூதா 1340-களில் மதுரைக்கு வந்தார். அப்போதைய சுல்தான் அவருக்கு உறவு. மனைவி வழியில் சகலை. பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தார். பார்த்துச் சகிக்காததையும் எழுதி வைத்தார்.

அவர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கப்புறம்?

அதற்கப்புறம் பேசுவது பெரும்பாலும் காசுதான். சுண்டு விரல் நகம் அளவுக் காசு. அதில் அரபி எழுத்தில் சுல்தானின் பெயர், சிலவற்றில் ஹிஜ்ரி ஆண்டு. ஆதில் ஷா, ஃபக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா என்று வரிசையாகப் பெயர்கள் கிடைத்தது அந்தக் காசுகளிலிருந்துதான். கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் 1909-ல் இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விஜயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரையை ஜெயித்தது 1371 வாக்கில் என்று பல புத்தகங்கள் சொல்லும். சிக்கந்தர் ஷாவின் காசோ ஹிஜ்ரி 779, அதாவது 1377-78 வரைக்கும் வருகிறது! தோற்று ஓடியவர் எங்கே உட்கார்ந்து காசு அடித்தார்? வரலாற்று ஆசிரியர்கள் தலையைச் சொறிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. காவியம் எழுதினால் ஜெயித்தவர் கதையை எழுதலாம். காசு அதற்கெல்லாம் கட்டுப்படாது.

இப்போது யோசியுங்கள். அந்தக் காசு ஹுல்ட்ஷ் கைக்கு வரும் முன்னால் எத்தனை கைகள் மாறியிருக்கும்? உழும்போது யாரோ ஒருவர் எடுத்திருப்பார். ஊர்த் தட்டாரிடம் காட்டியிருப்பார். பொன்னாக இருந்தால் அன்றைக்கே உருக்கியாயிற்று. செம்பாக இருந்தால் பாத்திரக்காரரிடம் எடைக்குப் போகும். அங்கேயும் உலைதான். அந்த உலைக்கும் மியூசியத்துக்கும் நடுவில் எவனோ ஒருத்தன், 'இரு, இது என்னமோ எழுத்து மாதிரி இருக்கே' என்று கையை நீட்டியிருக்கிறான். அவன்தான் காசு வியாபாரி.

ஆனால், அவன் பெயர் என்ன?

இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் திருமங்கலம். 1880-களில் அங்கே ஜேம்ஸ் டிரேசி என்று ஒரு பாதிரியார் இருந்தார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர். பாண்டியர் காசுகளைப் பற்றி முதன்முதலில் உருப்படியாக எழுதியவர்களில் ஒருவர். 1887-88-க்கான 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில் அவர் கட்டுரை வந்தது. அதே காலத்தில் லோவந்தால் என்ற இன்னொரு பாதிரியார் திருநெல்வேலிக் காசுகள் பற்றி 1888-ல் புத்தகம் போட்டார். கேப்டன் டஃப்னெல் என்ற ராணுவ அதிகாரி 1889-ல் தென்னிந்தியாவில் காசு சேகரிப்பவர்களுக்கான குறிப்புகள் என்றே ஒரு புத்தகம் எழுதினார். பாதிரியார், கேப்டன், கலெக்டர் எல்லோர் பெயரும் இன்றைக்கும் நூல் பட்டியல்களில் பத்திரமாக இருக்கிறது. பாண்டியர் காசு தானாகவே உருண்டு மிஷன் பங்களா வாசலுக்குப் போயிருக்காது இல்லையா? கொண்டுபோய்க் கொடுத்த சராப்புக் கடைக்காரரை, தட்டாரை, பாத்திரக்காரரை அந்தப் பட்டியல்களில் தேடிப் பாருங்கள். கிடைக்க மாட்டார்கள்.

சங்க காலத்தில் நிலைமை இப்படி இல்லை என்பதுதான் ஆச்சரியம். காசை உரசிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, நல்லதா கள்ளதா என்று சொல்கிறவருக்கு அப்போது 'வண்ணக்கன்' என்று பெயர். சங்கப் புலவர்கள் பட்டியலை எடுங்கள். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார்... காசு பார்க்கிறவர்கள் கவிதையும் எழுதியிருக்கிறார்கள், தொழிலோடு சேர்த்தே பெயரும் நின்றிருக்கிறது. அழகர்மலைக் குகைக்குப் போனால் உப்பு வணிகர், பணித வணிகர் பெயர்களுக்கு நடுவே ஆதன் ஆதன் என்ற மதுரைப் பொற்கொல்லர் பெயரும் தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது. 2000 வருஷத்துக்கு முந்தைய தட்டார் பெயர் நமக்குத் தெரிகிறது. 140 வருஷத்துக்கு முன்னால் டிரேசிக்குக் காசு கொடுத்தவர் பெயர் தெரியவில்லை.

இங்கிலாந்தில் கதையே வேறு. ப்ளிமத் ஊரில் அப்பாவின் மருந்துக் கடை மூலையில் தபால் தலை விற்க ஆரம்பித்தான் ஒரு பையன். 1863-ல் இரண்டு மாலுமிகள் ஒரு மூட்டையோடு கடைக்கு வந்தார்கள். உள்ளே நன்னம்பிக்கை முனையின் முக்கோணத் தபால் தலைகள். கேப் டவுனில் பரிசுச் சீட்டில் விழுந்ததாம். 5 பவுண்டு கொடுத்து மூட்டையோடு வாங்கிவிட்டான். 1890-ல் வியாபாரத்தை விற்றபோது கிடைத்தது 25,000 பவுண்டு. ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற அந்த வியாபாரியின் பெயரில்தான் உலகம் முழுக்கத் தபால் தலைப் பட்டியல் புத்தகம் விற்கிறது. சேகரித்த ராஜாக்களைவிட விற்றவர் பெயர் பிரபலம்!

* * *

எல்லாம் சரி, இந்த வியாபாரிகள் என்ன தியாகிகளா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

அகழாய்வு செய்கிறவர்களுக்குக் காசு வியாபாரி என்றாலே ஆகாது. 2021-ல் கீழடி ஏழாம் கட்ட அகழாய்வில் வெள்ளி முத்திரைக் காசு ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான். ஆனால் எந்தக் குழி, எத்தனை ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்று எல்லாம் பதிவாகியிருக்கும். மண்ணோடு இருக்கிற காசு பேசும். மண்ணை உதறிவிட்டு எடுத்துக்கொண்டு வந்தால் பாதி ஊமை.

புதுக்கோட்டைப் புதையல் இதற்கு நல்ல உதாரணம். 1898-ல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. 501 என்று எண்ணிக்கையோடு சொல்ல முடிகிறது பாருங்கள், அங்கேதான் விஷயம். புதையல் மொத்தமாகப் படிக்கக் கிடைத்தது. அதனால்தான் ஒன்று தெரிய வந்தது. பெரும்பாலான காசுகளில் ரோமச் சக்கரவர்த்தியின் முகத்தில் உளியால் ஒரு வெட்டு! இது செல்லாது என்று அடையாளம் வைத்தார்களா, புழக்கத்திலிருந்து எடுக்கவா என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. அதுவே பத்துக் கடைகளில் பத்துப் பத்தாகப் பிரிந்திருந்தால்? 'ஏதோ கீறல் விழுந்த காசு' என்று விலையைக் குறைத்து விற்றிருப்பார்கள். விவாதிக்க ஒன்றும் இருந்திருக்காது.

மதுரையிலும் வைகை மணலில் சின்னச் சின்ன ரோமானியச் செப்புக் காசுகள் நிறையக் கிடைத்தன. இவ்வளவு சில்லறை புழங்கியிருந்தால் ரோமானியர்கள் மதுரையில் குடியே இருந்திருப்பார்கள் என்று ராபர்ட் சூவெல் 1904-ல் எழுதினார். இந்த வாதம் முழுக்க எதன் மேல் நிற்கிறது? 'இது வைகையில் எடுத்தது' என்று யாரோ சொன்ன ஒற்றை வார்த்தையின் மேல்!

சட்டமும் இருக்கிறது. 1878 புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை விற்கிற தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். சன்னதித் தெரு ஐயாவிடம் லைசென்ஸ் இருந்ததா? நான் கேட்கவில்லை. இருந்திருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவரை நல்லவர் என்று எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கரூர் அமராவதி ஆற்று மணலை ஜனங்கள் பொன் துகளுக்காக அலசியபோது எந்த ஆய்வாளரும் பக்கத்தில் நிற்கவில்லை. மணலோடு சேரர் காசும் வந்தது, ரோமானியக் காசும் வந்தது, ரோட்ஸ் தீவுக் காசும் வந்தது. உலைக்குப் போகாமல் அவற்றில் கொஞ்சம் தப்பியது, வாங்க ஆள் இருந்ததால்தான். 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி (2021-ல் மறைந்தார்) இப்படித் தப்பிய காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 1980-களின் நடுவில் அவர் ஒரு சதுரச் செப்புக் காசை வெளியிட்டார். ஒரு பக்கம் குதிரை, மேலே தமிழ் பிராமியில் 'பெருவழுதி'. மறுபக்கம் மீன் சின்னம். சங்கப் பாட்டில் மட்டும் கேள்விப்பட்ட பாண்டியன் பெயர் காசிலேயே வந்து நின்றது. பின்னால் 'மாக்கோதை' என்று பெயர் போட்ட சேரன் வெள்ளிக் காசும் வந்தது, அரசன் முகத்தோடு. 'அதெல்லாம் புலவர்கள் கட்டிவிட்ட கதை' என்று சொன்னவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, வியாபாரி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. தோண்டுகிற இடத்தில் ஆய்வாளர் இருந்தால் வியாபாரிக்கு அங்கே வேலையே இல்லை. ஆய்வாளர் இல்லாத ஆயிரம் வாய்க்கால்களில் காசு கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். அது வந்து சேருகிற கடையில் உட்கார்ந்திருப்பவர், 'எங்கேப்பா எடுத்த?' என்று கேட்கிறவரா, கேட்காதவரா? எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

* * *

ஐயா கேட்கிறவர். கேட்டதை எழுதியும் வைக்கிறவர்.

அவரிடம் மோசடிக்காரர்கள் பருப்பு வேகாததற்கும் அதுதான் காரணம். ஒரு தடவை வெள்ளை வேட்டி, தங்கச் சங்கிலியோடு ஒருத்தர் வந்தார். துணியைப் பிரித்து ஒரு செப்புக் காசை வைத்தார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818. "அரிசியை இழுக்குதுங்க. கோடிக்கணக்குல கேக்கறாங்க" என்றார் மெல்லிய குரலில்.

ஐயா பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "கம்பெனிக்காரன் ராமர் போட்டுக் காசே அடிக்கலைய்யா. இது நேத்து வார்த்தது. ஓரத்துல பாருங்க, அச்சு சேர்ந்த கோடு தெரியுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வந்தவர் காசை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் என்னைப் பார்த்து, "எங்க கெடைச்சதுன்னு கேட்டேன்னு வைங்க, இமயமலைச் சாமியார் கதை ஒண்ணு வரும். அதான் கேக்கலை" என்றார்.

அரிசி இழுக்கும் காசுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இன்றைக்கும் போலீஸ் ஸ்டேஷன் படியேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது செல்போனிலேயே வலை விரிக்கிறார்கள். பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் வரி கட்டுங்கள் என்று. தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த வசூலைப் பற்றி 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை அறிக்கை விட்டது.

* * *

படிப்பு முடிந்து சென்னைக்கு வந்துவிட்டேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் சன்னதித் தெருவுக்கும் போவேன். 2009-ல் ஒரு தடவை போனபோது மரப்பெட்டி இல்லை. இறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்றார் பாத்திரக் கடைக்காரர். வீடு பக்கத்திலேயே, ஒரு சந்தில். போனேன்.

வீட்டில் யாருக்கும் காசில் ஈடுபாடு இல்லை. அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? காரியச் செலவு இருந்திருக்கிறது. வெளியூரிலிருந்து ஒரு புரோக்கர் வந்து, மொத்தமாக ஒரு விலை பேசி, முதல் நாள்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தார். செம்பு தனி, வெள்ளி தனி என்று இரண்டு சாக்குப் பைகளில். பொட்டலங்களை வைத்து எடை போட முடியாதே. திண்ணையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டிவிட்டு, காகிதத்தை எல்லாம் ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள்.

ஒரு முறம் நிறைய இருந்தது. 'சோழவந்தான். ஆத்து மணல்.' 'கீழக்குயில்குடி. வாய்க்கால் தூர்வாரினது.' 'தெரியலை.' 'தேனூர். கெணறு வெட்டுனப்ப, 3 காசு ஒண்ணா.'

"இதை நான் எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். அடுப்பு பற்ற வைக்க எடுத்து வைத்தது, எடுத்துக்கங்க தம்பி என்றார்கள்.

கட்டை விரல் அகலக் காகிதங்கள், 212 இருக்கின்றன என்னிடம். எல்லாவற்றிலும் ஊர் இருக்கிறது, உள்ளே காசு இல்லை. அந்தக் காசுகள் எங்கேயோ, யார் ஆல்பத்திலோ, ஊர் இல்லாமல் இருக்கும். தேனூர் கிணற்றுக் காசு மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா, பிரிந்துவிட்டனவா என்று சில சமயம் யோசிப்பேன்.

இரண்டும் சேர்ந்து இருப்பது ஒன்றே ஒன்றுதான். விருதுநகர், பலசரக்குக் கடை, கல்லா. பத்து ரூபாய்.